உடம்பு எவ்வளவு நனையும்?

சென்னையின் கூவத்தில் படகு விடப்போகிறோம் என்ற அறிவிப்புக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஒரு தடவை உண்மையிலேயே விட்டார்கள் என்பது இன்று பலருக்கு நினைவில்லை. 1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கூவம் சீரமைப்பைக் கையிலெடுத்து, ஆற்றைத் தூர்வாரி, கரை கட்டி, படகுத்துறைகள் அமைத்து, 1970களின் தொடக்கத்தில் படகும் விட்டது. கொஞ்ச காலம்தான். சாக்கடை வருவதும் நிற்கவில்லை, முகத்துவாரத்தை மணல் மூடுவதும் நிற்கவில்லை, படகுகள் நின்றன. அதன் பிறகு வந்த எந்த ஆட்சியும் கூவத்தை மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. 1996இல் சிங்காரச் சென்னை, 2000த்தையொட்டி மத்திய அரசு உதவியோடு நதிகள் பாதுகாப்புத் திட்டம், 2015இல் கூவம் ஒருங்கிணைந்த சூழல் மீட்டெடுப்புத் திட்டம் என்று பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. திட்ட அறிக்கையின் அட்டைப்படம் மாறவில்லை: நீலத் தண்ணீர், புல்வெளி, நடைபாதை, குடும்பத்தோடு படகில் போகிறவர்கள்.

அந்தப் படத்தை வைத்து ஆற்றைப் பேசினால் முக்கியமான ஒரு கேள்வி விட்டுப்போகும். ஆற்றோடு பொழுதுபோக்க வருகிறவரின் உடம்பு எவ்வளவு நனையும்? கரையில் நடப்பவருக்கு நாற்றம் இல்லாமல் இருந்தால் போதும். மோட்டார் படகில் உட்கார்ந்து போகிறவருக்குத் தண்ணீர் ஆழமாக இருந்து குப்பை மிதக்காமல் இருந்தால் சரி. துடுப்புப் போடுகிறவர், தூண்டில் போடுகிறவர், வலை வீசுகிறவர் ஆகியோரின் கையும் முகமும் நனையும். குளிப்பவரின் கண், காது, வாய் எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீர் போகும். ஒவ்வொரு படிக்கும் வேண்டிய தண்ணீர் வேறு. கரையை அழகுபடுத்துவதில் கிடைக்கும் வெற்றி, கடைசிப் படியை ஓர் அங்குலம்கூட நெருங்கி வரச் செய்யாது. சென்னையின் ஐம்பது ஆண்டுத் திட்டங்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே கண் வைத்திருந்தது தெரிகிறது.

கடைசிப் படிக்கான அளவுகோல் நம்மிடம் இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. அதில் இரண்டாவது, திறந்தவெளிக் குளியலுக்கானது. லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மலத்தில் வாழும் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லியில் 500க்குள் இருப்பது நல்லது, 2,500க்கு மேல் போகவே கூடாது. இதே வாரியத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தை நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட ஆற்றுப் பகுதியாகப் பதிவு செய்தது. அங்கே பதிவான பி.ஓ.டி. 345. குளிக்கத் தகுந்த அளவைப் போல 115 மடங்கு. வீட்டிலிருந்து புதிதாக வெளியேறும் சாக்கடைக்கே பொதுவாக 200, 300 அளவில்தான் பி.ஓ.டி. இருக்கும். ஆற்றில் அதைவிட அதிகம் என்றால், அடியில் தங்கிய சேறும், பாதாளச் சாக்கடை முழுமையாகப் போகாத புறநகர்களிலிருந்து வந்து சேரும் செப்டிக் டேங்க் கழிவும் கூட்டு என்றுதான் கொள்ள வேண்டும்.

கரைந்த ஆக்சிஜன் சோதனையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வேறு மாதிரி புரியும். கண்ணாடி மூடியுள்ள 300 மில்லி புட்டியில், காற்றுக் குமிழி புகாமல் ஆற்றுநீரைப் பிடிக்கிறார்கள். அதில் மாங்கனீசு சல்பேட் கரைசலையும், காரம் கலந்த அயோடைடு கரைசலையும் சில சொட்டுகள் விட்டு, மூடித் தலைகீழாகக் குலுக்குகிறார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படிவு திரண்டு மெல்ல இறங்கும். இல்லாவிட்டால் பால் போல வெள்ளையாக நின்றுவிடும். கோடைக் கூவத்தின் நகர்ப் பகுதியில் எடுத்த தண்ணீருக்கு வெள்ளைதான் வரும். மீதிச் சோதனையைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கி, சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. பாலம் கடக்கும்போது பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வது இதற்குத்தான். நாற்றமும் கிருமியும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஏதாவது தெளித்து நாற்றத்தைக் குறைக்கலாம். தண்ணீர் தெளிந்து, மணமற்று இருக்கும்போதும் அதில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கக்கூடும்.

கூவம் இப்படி ஆனதற்குச் சாக்கடை மட்டும் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது பாதிக் கதைதான். கூவமும் அடையாறும் வடகிழக்குப் பருவமழையில் சில வாரம் ஓடி, மிச்ச மாதங்களில் படுத்துக்கிடக்கும் ஆறுகள். கூவத்தில் வரும் மழைநீரிலும் ஒரு பங்கு நகரத்தின் குடிநீர்த் தேவைக்காகக் கொரட்டூர் அணைக்கட்டில் திருப்பப்பட்டு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. குடிநீரா ஆற்றோட்டமா என்று கேட்டால் எந்த அதிகாரியும் குடிநீர் என்றுதான் சொல்வார், சொல்லவும் வேண்டும். ஆனால் அதன் விளைவாக, ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் நகருக்குள் ஓடுவது ஆற்றுநீரே அல்ல. சாக்கடையை முழுக்க நிறுத்திவிட்டால் பல இடங்களில் வெறும் பள்ளம்தான் மிஞ்சும்.

கடல் பக்கத்திலிருந்தும் ஓர் இடி. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர் வேலைகள் தொடங்கின. இந்தக் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. மெரினாவின் பரந்த மணல்வெளி இப்படித்தான் விரிந்தது. ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் கல் கொட்டிக் கரையைக் காக்க வேண்டி வந்ததும் இப்படித்தான். நேப்பியர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடலில் சேரும் கூவத்தின் வாயையும் அந்த மணல் அடைக்கிறது. ஏற்றவற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வந்து அழுக்கை அலசிக்கொண்டு போகும் வழி அத்தோடு குறுகிவிட்டது. நகரத்தின் மிகப் பெரிய பொழுதுபோக்கு இடமும் அதன் செத்துப்போன ஆறும் ஒரே மணலின் இரண்டு விளைவுகள்.

முன்பு எப்படி இருந்தது என்பதைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவது நம்மிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. பச்சையப்ப முதலியார் கோமளீசுவரன்பேட்டையில் கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்ற செய்தி எல்லாக் கட்டுரையிலும் வரும். அந்த நகரத்தின் மக்கள்தொகை வேறு, அதில் குழாய்ச் சாக்கடையே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள். ஆற்றின் மேற்பகுதியில், கூவம் என்ற ஊரிலேயே, சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் இருக்கிறது. அங்கிருந்து நகரத்தை நோக்கி வரவர ஆறு சாக்கடையாக மாறுவதை ஒரே நாளில் பேருந்திலேயே போய்ப் பார்த்துவிடலாம். பக்கிங்காம் கால்வாயின் கதை இன்னும் சுருக்கமானது. 1806இல் எண்ணூரை நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1876-78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பெயரைப் பெற்றது. அரிசியும் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வந்துகொண்டிருந்தன. இப்போது நகருக்குள் அதன் படுகையில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தூண் நட்ட இடத்தில் படகு விடுவது பற்றி யாரும் அறிக்கை விடுவதில்லை. அந்த அளவுக்காவது நேர்மை.

இன்றைக்கும் சென்னை ஆறுகளில் விளையாட்டு இருக்கிறது. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றங்கரையில்தான் இருக்கிறது. விடியற்காலையில் கோட்டூர்புரம் பக்கம் போனால், நீண்ட ஒல்லியான படகுகள் கறுத்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். கொழும்பு அணியோடு நூறாண்டுக்கு மேலாகப் போட்டி நடத்திவரும் மரபு அது. துடுப்பு தண்ணீரிலிருந்து எழும் ஒவ்வொரு தடவையும் தெறிக்கும் திவலை முன்கையிலும் உதட்டிலும் விழும். புதிதாகக் கற்பவர் படகோடு கவிழவும் செய்வார். இந்த ஆட்களுக்கான அளவுகோல் நம் ஐந்து வகுப்புகளில் இல்லை. குடிநீர், குளியல், மீன் வளர்ப்பு, பாசனம் எல்லாம் உண்டு. துடுப்புக்கு ஓர் இடம் இல்லை. கும்பமேளாவையும் ஆடி அமாவாசையையும் மனதில் வைத்து வகுத்த அட்டவணை அது. முங்கி எழும் பக்தரைத் தவிர வேறு யாரும் ஆற்றில் இறங்குவார்கள் என்று எண்ணவில்லை. பல நாடுகளில் முழுத் தொடர்பு, பகுதித் தொடர்பு என்று பிரித்துத் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். அப்படியும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2024இல் லண்டன் தேம்ஸில் ஆக்ஸ்ஃபோர்டு - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டிக்கு முன் ஈ.கோலை அளவு கூடியிருப்பது தெரியவந்து, ஜெயித்த அணி வழக்கம்போல் ஆற்றில் குதித்துக் கொண்டாட வேண்டாம் என்று எச்சரித்தார்கள். எச்சரிக்க அவர்களிடம் ஓர் எண் இருந்தது.

விளையாட்டுக்காரர்களைவிட அதிகமாக நனைகிறவர்கள் வேறு உண்டு. அடையாறு முகத்துவாரத்தில் ஒரு பக்கம் சீனிவாசபுரம், மறு பக்கம் ஊரூர் குப்பம். மழைக்காலம் முடிந்து வாய் திறந்திருக்கும் மாதங்களில் அங்கே வீச்சுவலையோடு இறங்குகிறவர்களையும், உடைந்த பாலத்துப் பக்கம் தண்ணீரில் ஆட்டம் போடும் பையன்களையும் சாதாரணமாகப் பார்க்கலாம். வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் இன்னும் நெருக்கமான தொடர்பு. அங்கே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் விரல்களைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வதும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய்க் கழிவும் பக்கிங்காம் கால்வாய் வழியாக அங்கே இறங்கியது. மீனவர்கள் வாளியும் குவளையும் வைத்து எண்ணெயை அள்ளிய படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. குளிப்பவரைவிட இவர்களுக்கு ஆபத்து கூட: தண்ணீரில் இருக்கும் நேரம் மணிக்கணக்கு, கையில் எப்போதும் வெட்டுக்காயம். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காயத்தின் வழியாக உடம்பில் ஏறும். ஆனால் பொழுதுபோக்குக்கான அறிக்கையில் இவர்கள் ஆற்றைப் பயன்படுத்துகிறவர்களாக வருவதில்லை. வந்தாலும் அகற்றப்பட வேண்டிய குடியிருப்பின் பட்டியலில்தான் வருவார்கள்.

கூவத்தின் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டன. வெள்ளம் புகும் இடத்தில் குடியிருப்பது ஆபத்து என்பதை 2015 டிசம்பரில் அடையாறு எல்லோருக்கும் காட்டியது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு தண்ணீரின் தரம் மாறியதா என்று கேட்டால் 2022ஆம் ஆண்டு அறிக்கையைத்தான் காட்ட வேண்டும். குடிசையிலிருந்து வரும் கழிவு கண்ணுக்குத் தெரியும். அடுக்குமாடியிலிருந்து மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்த குழாய் தெரியாது. சென்னையில் சாக்கடையும் மழைநீரும் காகிதத்தில் தனித்தனிக் குழாய்களில் ஓடுகின்றன. மழையே பெய்யாத ஏப்ரல் மாதத்தில் ஒரு மழைநீர் வடிகாலின் வாயில் போய் நின்றால் காகிதம் எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும். கழிவுநீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனாலோ மோட்டார் பழுதானாலோ பொங்கும் கழிவும் கடைசியில் ஆற்றுக்குத்தான் வந்தாக வேண்டும்.

கூவத்துக்குச் சுமார் ரூ.600 கோடி, அடையாற்றுக்கு ரூ.555 கோடி என்று கடந்த பத்தாண்டுத் திட்டங்களின் மதிப்பு போகிறது. 2019 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த நீர்வழிகளைக் காக்கத் தவறியதற்காகத் தமிழக அரசு ரூ.100 கோடி கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. செலவில் உருப்படியானதும் உண்டு. 2011இல் திறந்த 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா, குப்பைமேடாகிக்கொண்டிருந்த அடையாற்று உப்பங்கழியை மீட்டது; பறவைகள் வருகின்றன. படகு ஆசைக்கு நகரம் வேறு வழி கண்டுபிடித்தது. முட்டுக்காட்டில் 1984 முதல் படகுத்துறை நடக்கிறது. 2016இல் சேத்துப்பட்டில் ஏரியைப் பூங்காவாக்கிப் படகு விட்டார்கள். கூவம் கூப்பிடு தூரத்தில்தான் ஓடுகிறது. அதை விட்டுவிட்டுப் பக்கத்து ஏரியில் படகு ஓட்டும் நகரம், ஆற்றைப் பற்றிய தன் உண்மையான கருத்தைச் சொல்லிவிட்டது.

கரையில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அகமதாபாத்தைப் பார்க்கலாம். 2012இல் திறந்த சபர்மதி ஆற்றங்கரை நடைபாதை நாடு முழுவதும் திட்டக்காரர்களின் கனவாகிவிட்டது. அங்கே தேங்கி நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து வந்த தண்ணீர். படகும் ஓடுகிறது. அதே 2022 அறிக்கையில் கூவத்துக்கு அடுத்த இடம் சபர்மதிக்கு, பி.ஓ.டி. 292. வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே நகரத்தின் கழிவு அத்தனையும் இறங்குகிறது. நடைபாதை இருக்கும் ஆறு ஒன்று, அறிக்கையில் வரும் ஆறு இன்னொன்று.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1977 பிப்ரவரியில் லீ குவான் யூ அதிகாரிகளுக்கு வைத்த இலக்கு, பத்தாண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க வேண்டும் என்பது. பூங்காவை அவர் கேட்கவில்லை. மூன்றாவது படியைக் கேட்டார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், தெருவோரக் கடைகள், சரக்குப் படகுகள் எல்லாம் இடம் மாற்றப்பட்டன. சுமார் 26,000 குடும்பங்கள் அரசு அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. 1987இல் வேலை முடிந்தது. 2008இல் மரினா அணை வந்த பிறகு அந்த முகத்துவாரமே நன்னீர்த் தேக்கமானது. இதைச் சென்னைக்கு உதாரணம் காட்டுகிறவர்கள் குடும்பங்களை அகற்றியதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். போன இடத்திலும் பழைய இடத்திலும் சாக்கடைக் குழாய் முழுமையாக இணைக்கப்பட்டதை எடுத்துக்கொள்வதில்லை.

பாரிஸ் கடைசிப் படியையே குறிவைத்தது. சேன் ஆற்றில் குளிக்க 1923இல் தடை போட்டார்கள். 1990இல் மேயர் ழாக் சிராக் மூன்றே வருடத்தில் அதில் நீந்திக் காட்டுவதாகச் சொன்னார், நீந்தவில்லை. நம்மூர் வாக்குறுதி மாதிரிதான். ஒலிம்பிக் நடத்தும் வாய்ப்பு வந்த பிறகு வேலை சூடுபிடித்து, சுமார் 140 கோடி யூரோ செலவானது. அதில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாத இடத்தில் போயிற்று: கிருமி நீக்கம், படகு வீடுகளின் கழிவறைக் குழாய்கள், கனமழையில் பொங்கும் சாக்கடையைப் பிடித்து வைக்க ஆஸ்டர்லிட்ஸ் அருகே நிலத்தடியில் 50,000 கன மீட்டர் தொட்டி. அவ்வளவு செய்தும் 2024 ஜூலையில் மழை பெய்ததால் ஆண்கள் டிரையத்லான் ஒரு நாள் தள்ளிப்போனது. கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது அந்தத் திட்டத்தின் நம்பகத்தன்மையாகவே படுகிறது: தண்ணீரைச் சோதித்தார்கள், சரியில்லை என்றார்கள், உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது போட்டியை நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் மூன்று இடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்; அன்றன்றைய நிலையைக் கொடி சொல்கிறது, மழை நாளில் மூடிவிடுகிறார்கள்.

சென்னைக்குக் கூவக் குளியலை யாரும் வாக்களிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. செய்யக்கூடியது அடையாற்றின் கடைசிப் பகுதி. அதுவும் குளியலுக்கு அல்ல, துடுப்புக்கும் வலைக்கும். மழைக்குப் பிந்தைய ஜனவரி முதல் மார்ச் வரை வாய் திறந்திருக்கும், வெள்ளம் சேற்றை ஓரளவு அடித்துச் சென்றிருக்கும். ஏப்ரலுக்கு மேல் ஓட்டம் வேண்டுமென்றால் தண்ணீர் நகரத்திடமே இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்ப முடிகிறது. நன்னீரை மிச்சம் பிடிக்கும் நல்ல ஏற்பாடு, நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்து கட்டும் நிலையங்களின் தண்ணீரில் ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டா என்ற கேள்வியை இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்பே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஆற்றில் மாதிரி எடுப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. எண்கள் அறிக்கைக்குப் போகின்றன. வலையோடு இறங்குகிறவருக்கோ துடுப்பெடுக்கும் மாணவிக்கோ அவை எட்டுவதில்லை. கிருமிச் சோதனைக்கு ஒரு நாளாவது ஆகும், ஆகவே கையில் வருவது எப்போதும் நேற்றைய தண்ணீரின் கணக்கு. மாதம் ஒரு தடவை எடுத்தால் அதுவும் இல்லை. அடையாற்றில் திரு.வி.க. பாலத்துக்கும் முகத்துவாரத்துக்கும் இடையே மூன்று இடங்களில் வாரம் மூன்று நாள் எடுத்து, ஈ.கோலை எண்ணையும் முந்தைய இரண்டு நாள் மழையளவையும் சீனிவாசபுரத்திலும் ஊரூர் குப்பத்திலும் போட் கிளப் படகுத்துறையிலும் பலகையில் எழுதலாம். சென்னையில் நுண்ணுயிரியல் ஆய்வகம் வைத்திருக்கும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மாதிரிப் புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்று ஆறு மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும் என்பதுதான் விதி. அடையாற்றங்கரையிலிருந்து எந்தக் கல்லூரிக்கும், சென்னைப் போக்குவரத்து நெரிசலிலும், ஒன்றரை மணி நேரம் தாராளம்.